குண்டு ஏன் குறி தப்புது? பாரல மாத்துறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவ பாருங்க

போன வருசக் கடைசியில எங்க அக்கா மகன் நியூசிலாந்துலேருந்து வாட்சப்ல ஒரு படம் அனுப்புனான். அங்க தென் தீவுல ஒரு மாட்டுப் பண்ணையில வேலை, லீவு கெடச்சா லைசன்ஸ் பெர்மிட் எல்லாத்தோடயும் மான் சுடப் போவான், அந்த ஊரு மான் வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்து விட்டது, இப்ப பெருகிப் போயி காட்ட மேஞ்சு தீக்குதுன்னு அரசாங்கமே பெர்மிட்ட சும்மா குடுக்குது. படத்துல ரைபிளால குறி வச்சி சுட்ட ஒரு கடுதாசி, அதுல அஞ்சு ஓட்டை, ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு ரொட்டி சானாய் தட்டு அளவுக்கு செதறிக் கெடக்குது. தூரம் 100 மீட்டர். கீழ ஒரே ஒரு வரி: "மாமா, துப்பாக்கி போச்சா?"

எங்கிட்ட ஏன் கேட்டான்னா, இப்ப நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல மோட்டர் பைக் ஒர்க்‌ஷாப் வச்சிருந்தாலும் அதுக்கு முன்னாடி ஆர்மில ஆயுதம் ரிப்பேர் பண்ற பிரிவுல இருந்தவன். நான் பண்ணுன தப்பு, மறுநாள் பசியாறப் போன கடையில அந்தப் படத்த நாலு பேர்கிட்ட காட்டுனது. ஒருத்தரு பாரல், அதான் குண்டு போற குழாய், தேஞ்சு போச்சு மாத்தச் சொல்லுங்கறாரு, இன்னொருத்தரு ஸ்கோப்ப, அதான் குறி பாக்குற தூரக்கண்ணாடிய, ரெண்டு திருப்பு திருப்புனா சரியாயிடும்லாங்கறாரு, மூணாவது ஆளு மருந்து பழசுங்கறாரு, கல்லாவுல இருந்த அண்ணே மட்டும் "பையனுக்கு கை நடுங்குது, ஒரு பொண்ணப் பாத்து கட்டி வைங்க"ன்னாரு.

எங்க ஊருக்கும் துப்பாக்கிக்கும் பழைய உறவு உண்டு, 1948 ஜூன் 16 அன்னிக்கு இங்க பக்கத்துத் தோட்டங்கள்ல மூணு வெள்ளக்கார தொரைங்கள சுட்டதுக்கு அப்புறந்தான் மலாயாவுல அவசரகாலமே வந்துச்சு, அதனால ஆளாளுக்கு ஒரு துப்பாக்கி கத வச்சிருப்பாங்க. ஆனா நம்ம ஆளுங்களுக்கு பழக்கமானது காட்டுப் பன்னி சுடுற சாட்கன். ஒரு தோட்டாவுக்குள்ள பல சில்லு, கிட்டத்துல நின்னு சுடுறது, செதறுனாத்தான் அதுக்கு அழகு. ரைபிள் அப்படியில்ல, ஒரு தோட்டாவுக்கு ஒரே ஒரு குண்டு, அது எங்க போவுதுன்றதுதான் மொத்தக் கதையும். சாட்கன் அனுபவத்த வச்சிக்கிட்டு ரைபிளுக்கு வைத்தியம் சொன்னா, லோரி ஓட்டத் தெரிஞ்சவன் படகுக்கு பிரேக் எங்கன்னு தேடுற கததான். அதான் உக்காந்து எழுதுறேன்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிர்றேன். நம்ம நாட்டுல 1960-ஆம் வருச ஆயுதச் சட்டம் இருக்கு, காத்துத் துப்பாக்கிக்குக் கூட லைசன்ஸ் வேணும், லைசன்ஸ் இல்லாதவன் அடுத்தவன் துப்பாக்கிய ரிப்பேர் பாக்குறேன்னு கையில எடுத்தாலே வம்பு. இது புரிஞ்சுக்கறதுக்கு மட்டும்.

செதறுறது வேற, தள்ளி விழறது வேற

தோட்டத்துல ரப்பர் பால் எடை போடுற தராசு ஞாபகம் இருக்கா? ரெண்டு தராசு வச்சிக்குங்க. ஒரே வாளிப் பால ரெண்டுலயும் வைக்கிறோம். மொத தராசு எப்ப வச்சாலும் ரெண்டு கிலோ கொறச்சிக் காட்டுது, காலையில வச்சாலும் மத்தியானம் வச்சாலும் அதே ரெண்டு கிலோ. ரெண்டாவது தராசு மொதல்ல 18 காட்டுது, எறக்கி வச்சா 21, திரும்ப வச்சா 16. பால் வெட்டுறவங்களுக்கு ரெண்டு தராசு மேலயும் கோவம் வரும், ஆனா ரிப்பேர்காரனுக்கு ரெண்டும் வேற வேற சீக்கு. மொத தராச ஒரு ஸ்க்ரூவ திருப்பி அஞ்சு நிமிசத்துல சரி பண்ணிடலாம். ரெண்டாவதுல எந்த ஸ்க்ரூவ திருப்புனாலும் பிரயோசனம் இல்ல, உள்ள ஏதோ ஆடுது, அத கழட்டித்தான் பாக்கணும்.

ரைபிள்லயும் இதே ரெண்டு சீக்குதான். ஒரே எடத்த குறி வச்சி பல குண்டு சுடும்போது ஓட்டைங்க எவ்ளோ அகலத்துக்கு பரவுதோ அதுக்கு பேரு குரூப். அந்தக் கூட்டத்தோட நடு, நீங்க குறி வச்ச எடத்துலயே உக்காருற மாதிரி ஸ்கோப்ப செட் பண்ணி வச்சிருந்தா அதுக்கு பேரு ஸீரோ. ஓட்டைங்க எல்லாம் நெருக்கமா ஒரே எடத்துல, ஆனா குறியிலேருந்து ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா குரூப் நல்லாருக்கு, ஸீரோதான் தப்பு, அதுக்கு ஸ்கோப்ப திருப்பலாம். ஓட்டைங்க நாலாப் பக்கமும் செதறிக் கெடந்தா குரூப்பே சரியில்ல, அங்க ஸ்கோப்ப திருப்புறது ரெண்டாவது தராசுல ஸ்க்ரூவ திருப்புற வேலைதான்.

நம்ம மாப்ள என்ன பண்ணியிருக்கான்? ஒரு குண்டு சுடுறான், எடது பக்கம் விழுது, உடனே ஸ்கோப்ப வலது பக்கம் நாலு திருப்பு. அடுத்தது வலது பக்கம் விழுது, திரும்ப எடது பக்கம். இப்படியே ஒரு பெட்டி தோட்டாவ காலி பண்ணிட்டான். தானா செதறுற துப்பாக்கிக்கு ஒவ்வொரு ஓட்டைக்கும் ஸ்கோப்ப திருப்புனா செதறல் இன்னும் கூடத்தான் செய்யும், ஏன்னா துப்பாக்கி ஆடுறதோட இவன் ஆட்டறதும் சேந்துக்குது.

இன்னொண்ணு, மூணு குண்டு சுட்டு மூணும் பக்கத்துல பக்கத்துல விழுந்துட்டா போதும், ஆஹா அருமையான துப்பாக்கின்னு படம் எடுத்து போட்டுர்றாங்க. அது நாலு நம்பர் லாட்டரி ஒரு தடவ அடிச்சிருச்சுன்னு அடுத்த வாரமும் அதே நம்பர்ல சம்பளத்த போடுற மாதிரி. மூணு குண்டுல அதிர்ஷ்டத்துக்கு எடம் ஜாஸ்தி. அஞ்சு குண்டு, ஸ்கோப்ப தொடாம, ஒரே எடத்துல குறி வச்சி, அதையும் ரெண்டு தனித்தனி கடுதாசில சுட்டாத்தான் எனக்கு கொஞ்சம் நம்பிக்கை வரும்.

சுருக்கமா: செதறலுக்கு பேரு குரூப், அந்தக் கூட்டத்த குறிக்கு கொண்டு வர்றதுக்கு பேரு ஸீரோ. குரூப் சரியாகுற வரைக்கும் ஸ்கோப் திருகுல கை வைக்கக் கூடாது.

எவ்ளோ செதறுனா அது சீக்கு?

எந்த துப்பாக்கியும் ஒரே ஓட்டையில சுடாது. கொஞ்சம் செதறும், அது எவ்ளோன்னு சொல்றதுக்குத்தான் எம்ஓஏன்னு ஒரு அளவு, ஒரு டிகிரிய அறுபதா பிரிச்சா அதுல ஒரு பங்கு. டார்ச் லைட் அடிக்கிறத நெனச்சுக்குங்க, கிட்டத்துல சின்ன வட்டம், தூரத்துல பெரிய வட்டம், ஆனா வெளிச்சத்தோட கோணம் ஒண்ணுதான். அதே மாதிரி 1 எம்ஓஏன்னா 100 மீட்டர்ல சுமார் 29 மில்லிமீட்டர், 200 மீட்டர்ல அதுக்கு டபுள்.

சாதாரண வேட்டை ரைபிள், கடையில வாங்குன தோட்டா, இதுக்கு ஒன்றரைலேருந்து 2 எம்ஓஏ வந்தா நான் கொற சொல்ல மாட்டேன். பெரிய மானுக்கு நெஞ்சுப் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், 200 மீட்டர்ல 2 எம்ஓஏன்னா சுமார் 12 சென்டி, தட்டுக்குள்ளயே அடங்கிடும். நம்ம பையனோடது 100 மீட்டர்லயே 22 சென்டி, ஏழு எட்டு எம்ஓஏ கணக்கு. இது கை நடுக்கமோ காத்தோ மட்டும் பண்ற வேலையில்ல. எங்கயோ ஏதோ லூசு.

குண்டு எப்படித்தான் நேரா போவுது?

ரப்பர் மரத்துல வெட்டு எப்படி போவும்? நேரா குறுக்கால போவாது, சாய்வா மரத்த சுத்தி எறங்கும். மரத்தோட பாதிச் சுத்துல நிறுத்திடுறோம், அத நிறுத்தாம கீழ வரைக்கும் விட்டா என்ன ஆகும்? திருகாணி மாதிரி சுத்திச் சுத்தி எறங்கும். ரைபிள் பாரலோட உள் பக்கம் அப்படித்தான் காடி வெட்டியிருக்காங்க, அதுக்கு பேரு புரி. குண்டு அந்தக் காடில இறுக்கமா பிடிபட்டு சுத்திக்கிட்டே வெளிய வருது. பம்பரம் சுத்துற வரைக்கும் நிக்குது, சுத்து கொறஞ்சா தலையாட்டி விழுது இல்ல, குண்டுக்கும் அதே நியாயம், சுத்தலேன்னா காத்துல குட்டிக்கரணம் போடும்.

எவ்ளோ சுத்துதுன்னு கணக்கு பண்ணுனா தலை சுத்தும். மாப்ள வச்சிருக்கிறது 308 வின்செஸ்டர், 1952-ல வந்த தோட்டா வகை, இன்னிக்கும் ஒலகம் பூரா வேட்டைக்காரங்க கையில இருக்குது. அந்த பாரல்ல 10 இஞ்சுக்கு ஒரு சுத்து, குண்டு நொடிக்கு 820 மீட்டர் மாதிரி வெளிய வருது, பெருக்கிப் பாத்தா நிமிசத்துக்கு 1,90,000 சுத்துக்கு மேல. எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற இஎக்ஸ்5 பைக் எஞ்சின் கதறக் கதற முறுக்குனாலும் நிமிசத்துக்கு 10,000 தொடாது.

எந்த குண்டுக்கு எவ்ளோ சுத்து வேணுன்றதுல ஒரு கணக்கு இருக்கு, நீளமான குண்டுக்கு வேகமான சுத்து வேணும். நான் ஆர்மில சேந்தப்ப எம்16 ஏ1 ரைபிள். அதோட பாரல் 12 இஞ்சுக்கு ஒரு சுத்து, 55 கிரெய்ன் குண்டுக்குன்னு செஞ்சது. கிரெய்ன்றது குண்டோட எடை அளவு, 15.4 கிரெய்ன் ஒரு கிராம். பின்னாடி நேட்டோவுல 62 கிரெய்ன் நீளக் குண்டு வந்துச்சு, அத பழைய பாரல்ல போட்டு சுட்டா சுத்து பத்தாம குண்டு ஆடிக்கிட்டே போவும், கடுதாசில வட்டமா ஓட்டை விழறதுக்குப் பதிலா சாவி ஓட்டை மாதிரி நீட்டமா விழும். இந்த மாதிரி நீளக் குண்டுங்களுக்காகவே அமெரிக்காக்காரன் எம்16 ஏ2-ல 7 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னு பாரலையே மாத்துனான். ஒங்க கடுதாசில நீட்டு ஓட்டை தெரிஞ்சா மத்தது எதையும் தேட வேணாம், குண்டுக்கும் பாரலுக்கும் ஒத்து வரலன்றதுதான் மொத சந்தேகம்.

இப்ப முக்கியமான எடம். பாரல் பாக்க இரும்புத் தடி மாதிரி அசையாம இருக்குதுன்னு தோணும், ஆனா சுடும்போது அது அதிருது. செம்பனை குலை வெட்டுற நீட்டுக் கம்ப தூக்கிப் பாத்திருக்கீங்களா, கீழ நீங்க லேசா அசைச்சா போதும், மேல அருவா முனை ஒரு அடிக்கு ஆடும். பாரலும் ரொம்பச் சின்ன அளவுல அந்த ஆட்டம் ஆடுது, முனை ஆடிக்கிட்டிருக்கிற ஏதோ ஒரு கணத்துல குண்டு வெளிய போயிடுது. ஆடுறது தப்பில்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடணும், அவ்ளோதான். மொத குண்டுக்கு ஒரு மாதிரியும் அடுத்த குண்டுக்கு வேற மாதிரியும் ஆடுனா, சுடுறவன் எவ்ளோ பெரிய கெட்டிக்காரனா இருந்தாலும் செதறும்.

சுருக்கமா: புரி குண்ட சுத்த விடுது, சுத்து குண்ட நேரா வைக்குது, பாரல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடுனா குரூப் நெருக்கமா வரும். இனிமே நாம தேடப் போறது, அந்த "ஒரே மாதிரி"ய எது கெடுக்குதுன்னுதான்.

காசு செலவில்லாதது மொதல்ல

ஒர்க்‌ஷாப்ல ஒருத்தன் வந்து மோட்டர் ஸ்டார்ட் ஆவலன்னா நான் எஞ்சின பிரிக்க மாட்டேன், மொதல்ல எண்ணெய் இருக்கா, பிளக் நல்லாருக்கான்னு பாப்பேன். இதுவும் அப்படித்தான், ஸ்க்ரூவுலேருந்து ஆரம்பிக்கணும்.

ஒரு ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல உக்காந்தோம். தொடுறதுக்கு முன்னாடி மேகசின கழட்டச் சொன்னேன், பாரலோட பின்பக்கத்த அடைக்கிற போல்ட்ட தொறந்து உள்ள கண்ணால பாத்து சுண்டு வெரலையும் விட்டுப் பாக்கச் சொன்னேன், தோட்டாப் பெட்டிய அடுத்த ரூம்ல கொண்டு போயி வைடான்னேன். "மாமா அதெல்லாம் காலிதான்"ன்னான். காலித் துப்பாக்கி எத்தன பேர சுட்டிருக்குன்னு எனக்குத் தெரியும், வச்சிட்டு வந்தாத்தான் பேசுவேன்னுட்டேன்.

ஸ்கோப்ப கவ்விப் பிடிச்சிருக்கிற ரெண்டு வளையத்துக்கு பேரு ரிங். ரிங்குக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல ஒரு பட்டை இருக்கும், அது பேஸ். ரிங் ஸ்க்ரூ எல்லாம் டைட்டா இருக்கு மாமான்னான், எல்லாரும் இந்த எடத்துல நிறுத்திடுவாங்க. பேஸ் ஸ்க்ரூ பல துப்பாக்கியில ஸ்கோப்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், ஸ்கோப்ப எறக்காம பாக்க முடியாது. எறக்கச் சொன்னேன். பேஸ கட்டை வெரலால தள்ளச் சொன்னேன், அது நகந்துச்சு! கேமராவுலயே தெரிஞ்சுச்சு, முன் பக்க ஸ்க்ரூ ரெண்டும் கையாலயே கழண்டு வருது. இவன் செகண்ட்ஹேண்ட்ல வாங்குனது, வித்தவன் பூட்டும்போது ஸ்க்ரூவுல எண்ணெய வழிய விட்டிருக்கான், சுடுற அதிர்வுல அது கொஞ்சங் கொஞ்சமா கழண்டிருக்கு. ஸ்கோப்பே ஒவ்வொரு வெடிக்கும் எடம் மாறுனா குறி எப்படி நிக்கும்?

வைத்தியம் சிம்பிள். ஸ்க்ரூவயும் ஓட்டையையும் எண்ணெய் போக தொடச்சிட்டு, ஸ்க்ரூ பூட்டற நீலப் பசைய ஒரு சொட்டு விட்டு, அளவு காட்டுற டார்க் சாவியால முடுக்கணும். அளவுன்னா எவ்ளோ? ரிங் ஸ்க்ரூவுக்கு சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான், மோட்டர் பிளக்குக்கு அதவிட அஞ்சு மடங்கு வேணும். பேஸுக்கும் கட்டைய பிடிக்கிற ஸ்க்ரூவுக்கும் கம்பெனி குடுத்த தாள்ல வேற கணக்கு இருக்கும், அதத்தான் பாக்கணும். நம்ம ஆளுங்க பைக் நட்ட முடுக்குற மாதிரி பல்ல கடிச்சிக்கிட்டு முடுக்குனா ஸ்கோப் குழாய் நசுங்கிடும், அப்புறம் ஸ்கோப் திருக திருப்புனாலும் உள்ள இருக்கிற கண்ணாடி அசையாது. முடுக்குனதுக்கு அப்புறம் ஸ்க்ரூ தலைக்கும் பேஸுக்கும் சேத்து நகப் பாலிஷ்ல ஒரு கோடு போட்டு விடுங்க, நாளைக்கு ஸ்க்ரூ லேசா திரும்புனாலும் கோடு ஒடஞ்சு காட்டிக் குடுத்துரும். இது ஆர்மில கத்துக்கிட்டதில்ல, ஒர்க்‌ஷாப்ல கத்துக்கிட்டது.

ஒரு வெள்ளி நோட்டு சோதனை

ஸ்க்ரூவ சரி பண்ணிட்டு அடுத்த வாரம் சுட்டான், 22 சென்டி 9 சென்டியா எறங்கிடுச்சு. ஆனா அந்த ஒம்போதுலயும் ஒரு சங்கதி, மொத ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல, மூணாவது கொஞ்சம் மேல, நாலாவது அதுக்கும் மேல, அஞ்சாவது இன்னும் மேல. ஏணிப்படி மாதிரி ஏறிக்கிட்டே போவுது. பாரல் சூடாக ஆக குண்டு ஒரே பக்கமா நகருதுன்னா, நான் மொதல்ல பாக்குறது பாரல் எதுமேலயாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னுதான்.

ரைபிளோட மரக்கட்டைய ஸ்டாக்னு சொல்லுவாங்க. நெறைய ரைபிள்ல பாரல் இந்தக் கட்டைய தொடாம, நடுவுல மெல்லிசா எடவெளி விட்டு மெதக்குற மாதிரி வச்சிருப்பாங்க, அதுக்கு பேரு ஃப்ரீ ஃப்லோட். அப்பத்தான் அந்த ஆட்டத்த யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா மரம் மழைய குடிச்சா என்ன ஆகும்? லயத்து வீட்டுக் கதவு மழக்காலத்துல நெலையோட பிடிச்சிக்கிட்டு ஒதச்சாத்தான் தொறக்கும் இல்ல, அதேதான். அவன் இருக்கிற பக்கம் வேற எப்பப் பாத்தாலும் தூறல்.

"பர்ஸுல நம்ம ஊரு காசு ஏதாச்சும் வச்சிருக்கியா?"ன்னேன். பாட்டி விமானம் ஏத்தி விடும்போது குடுத்த ஒரு வெள்ளி நோட்டு, அதாவது ஒரு ரிங்கிட், இருக்குன்னான். அது பிளாஸ்டிக் நோட்டு பாருங்க, வழவழன்னு போவும், இதுக்குன்னே செஞ்ச மாதிரி. அத மடிக்காம பாரலுக்கு அடியில கொடுத்து, ரெண்டு பக்கமும் பிடிச்சிக்கிட்டு முனையிலேருந்து பின்னாடி இழுத்துக்கிட்டே வரச் சொன்னேன். பாதி வரைக்கும் சர்ருன்னு வந்துச்சு, அதுக்கு மேல நின்னுடுச்சு. எடது பக்கம் கட்ட பாரல ஒரு வெரல் நீளத்துக்கு அமுக்கிக்கிட்டிருந்துச்சு, வார்னிஷ்ல கூட அந்த எடத்துல மினுமினுன்னு தேஞ்ச தடம்.

ஒரு எச்சரிக்கை. பழைய மாடல் சிலதுல கட்டையோட முனை மட்டும் பாரல வேணும்னே தாங்குற மாதிரி செஞ்சிருப்பாங்க, அத தெரியாம சொரண்டிட்டா நல்ல துப்பாக்கி கெட்டுப் போவும். இவனோடது அந்த வகையில்லன்னு மாடல் நம்பர பாத்துட்டுத்தான் அந்த ஊரு துப்பாக்கி மெக்கானிக்கிட்ட குடுக்கச் சொன்னேன், அவரு அந்த எடத்த மட்டும் லேசா தேச்சு, தண்ணி ஏறாம இருக்க உள் பக்கத்துக்கும் வார்னிஷ் அடிச்சுக் குடுத்தாரு.

சுருக்கமா: ஸ்க்ரூ, அதுலயும் கண்ணுக்குத் தெரியாத பேஸ் ஸ்க்ரூ. அப்புறம் பாரல் கட்டையில முட்டுதான்னு பாக்கறது. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தி சுட்டுப் பாக்கணும், நாலையும் ஒண்ணா மாத்திட்டா எது நோயி எது மருந்துன்னு தெரியாமலே போயிடும்.

சுடுற ஆளு

கல்லாக்கார அண்ணே சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கு. வெடிச் சத்தமும் தோள்ல விழற அடியும் ரெண்டு மூணு தடவ ஆனதுமே ஒடம்பு முன்கூட்டியே பயப்பட ஆரம்பிச்சிடும், ட்ரிகர இழுக்கிற கணத்துல கண்ண மூடி தோள முன்னாடி தள்ளுவோம், நமக்கே தெரியாது. ஊசி போடுற நர்ஸு கிட்ட வரும்போதே கைய இழுத்துக்கறோம்ல, அது மாதிரி. இத கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, பக்கத்துல இருக்கிறவரு மேகசின்ல நல்ல தோட்டாவுக்கு நடுவுல மருந்தில்லாத டம்மி தோட்டா ஒண்ண எங்கயாச்சும் கலந்து வைக்கணும், சுடுறவருக்கு அது எத்தனாவதுன்னு சொல்லக் கூடாது. வெடிக்காத அந்த ஒரு தடவ பாரல் முனை தலைய குனிஞ்சு கும்பிடு போட்டுச்சுன்னா ஆளுதான் காரணம். புது ரெக்ரூட்டுங்களுக்கு நான் பக்கத்துல உக்காந்து இத பண்ணியிருக்கேன், "நான் அசையவே இல்ல சார்"னு சத்தியம் பண்ணுவானுங்க, அடுத்த செகண்டு டம்மி வந்து மானத்த வாங்கும்.

பெஞ்சுல வச்சு சுடும்போது மரக்கட்டைக்கு அடியிலதான் மணல் மூட்டை இருக்கணும், பாரலுக்கு அடியில இல்ல. ஏன்னு இப்ப ஒங்களுக்கே தெரியும், நீட்டுக் கம்போட முனைய யாராச்சும் பிடிச்சிக்கிட்டா எப்படி ஆடும்?

பாரலாக்ஸ்னு ஒண்ணு சொல்லுவாங்க, பயப்படாதீங்க. மோட்டர்ல பின்னாடி உக்காந்திருக்கிறவரு மீட்டர எட்டிப் பாத்தா ஒரு வேகம் தெரியும், ஓட்டுறவருக்கு வேற வேகம் தெரியும், முள்ளு அதேதான், பாக்குற எடம் மாறுது. ஸ்கோப்லயும் கண்ணு ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல இருந்தா குறிக்கோடு நகந்த மாதிரி தெரியும். கன்னத்த கட்டையில ஒரே எடத்துல பதிச்சா இந்தப் பிரச்சினை பெரும்பாலும் ஓடிப் போயிடும்.

தோட்டா, அழுக்கு, சூடு

ஒரே துப்பாக்கிக்கு ஒரு கம்பெனி தோட்டா நெருக்கமா விழும், இன்னொரு கம்பெனி தோட்டா ரெண்டு மடங்கு செதறும். விலை ஜாஸ்தின்னா நல்லா விழுன்னு ஒண்ணும் இல்ல. மூணு வகையில ஒவ்வொரு பெட்டி வாங்கி தனித்தனி கடுதாசில சுட்டுப் பாக்குறதுதான் வழி, ஒரே குரூப்ல ரெண்டு பெட்டிய கலந்து சுட்டா அந்தக் கடுதாசி குப்பைக்குத்தான்.

அஞ்சு குண்டுக்கு அப்புறம் பாரல கையால தொட்டு நிம்மதியா பிடிச்சிருக்க முடியற வரைக்கும் ஆற விடணும். சுத்தம் பண்றதுல நம்ம ஆளுங்க ரெண்டு வகை, ஒருத்தரு பண்றதே இல்ல, செம்பு அழுக்கு புரியில படிஞ்சு போயிருக்கும், இன்னொருத்தரு தெனமும் முனைப் பக்கத்துலேருந்து இரும்புக் கம்பிய விட்டு கடையோ கடைன்னு கடைவாரு. ரெண்டாவது ஆளப் பாத்தாத்தான் எனக்கு பயம். பாரலோட முனை விளிம்புதான் குண்டு கடைசியா தொடுற எடம், அதுக்கு பேரு க்ரவுன், அங்க ஒரு பக்கம் தேஞ்சாலோ சின்னதா ஒரு வெட்டு விழுந்தாலோ பின்னாடியிருந்து வர்ற வாயு ஒரு பக்கமா பீச்சி குண்ட தள்ளி விட்டுரும். கம்பிய எப்பவும் போல்ட் பக்கத்துலேருந்துதான் விடணும்.

பாரல் தேஞ்சு போறதும் உண்டு. ஆனா 308 மாதிரி தோட்டாவுக்கு அது சில ஆயிரம் குண்டுக்கு அப்புறம் வர்ற சீக்கு, வருசத்துக்கு நூறு குண்டு சுடுற வேட்டைக்காரன் அவ்ளோ தூரம் போறதுக்குள்ள பேரன் எடுத்துருவான். கடையில மொத ஆளு சொன்னதுதான் கடைசியா பாக்க வேண்டியது.

ஓட்டைங்கள வச்சு ஜோசியம் சொல்றதும் உண்டு, மேல கீழயா நீண்டா மூச்சு, இல்லேன்னா தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுது, பக்கவாட்டுல நீண்டா காத்து, இல்லேன்னா ட்ரிகர ஒரு பக்கமா இழுக்கறது, ரெண்டு தனிக் கூட்டமா விழுந்தா ஏதோ ஒண்ணு ரெண்டு எடத்துல மாறி மாறி உக்காருது. இதெல்லாம் எங்க தேட ஆரம்பிக்கலான்னு சொல்றதுக்கு சரி. தீர்ப்பு எழுதுறதுக்கு பத்தாது.

கடைசியாத்தான் ஸ்கோப் திருகு

கட்டைய சரி பண்ணுனதுக்கு அப்புறம் ரெண்டு கடுதாசி வந்துச்சு. ரெண்டுலயும் அஞ்சு ஓட்டை நாலரை சென்டிக்குள்ள, புது 50 சென் காசு ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சா வர்ற அகலம். சுமார் ஒன்றரை எம்ஓஏ. கூட்டம் மட்டும் குறியிலேருந்து எடது பக்கம் 6 சென்டி, கீழ 4 சென்டி தள்ளி இருந்துச்சு. மொத தராசு! இப்ப திருப்பலாம்டான்னேன்.

அவனோட ஸ்கோப்ல ஒரு க்ளிக்குக்கு கால் எம்ஓஏ, 100 மீட்டர்ல 7 மில்லிமீட்டர் மாதிரி. 6 சென்டிக்கு வலது பக்கம் எட்டு க்ளிக், 4 சென்டிக்கு மேல அஞ்சு ஆறு க்ளிக். திருப்பி, திரும்ப அஞ்சு குண்டு, கூட்டம் நடுவுல வந்து உக்காந்துச்சு. ஒரு பெட்டி தோட்டாவ காலி பண்ணி பண்ண முடியாதது பதினாலு க்ளிக்ல முடிஞ்சு போச்சு.

படத்த கடையில காட்டுனேன். பாரல் மாத்தச் சொன்னவரு ரொம்ப நேரம் பாத்துட்டு, "பாத்தியா, புது பாரல் போட்டதும் எப்படி விழுது"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல, தே தாரேக் டீ ஆறிக்கிட்டிருந்துச்சு.

இப்ப அவனுக்கு வேற கேள்வி. காலையில பாரல தொடச்சு எண்ணெய் போட்டு எடுத்துட்டுப் போனா மொத குண்டு மட்டும் மூணு சென்டி மேல விழுதாம், அடுத்ததெல்லாம் சரியாம். எண்ணெய் படிஞ்ச குளிர்ந்த பாரல்ல அது நடக்கிறதுதான், ஆனா மானு நிக்கிறது அந்த மொத குண்டுக்குத்தானே. எண்ணெய ஒட்டத் தொடச்சிட்டு ஒவ்வொரு வாரமும் மொத குண்டு ஒண்ண மட்டும் ஒரே கடுதாசில சுடு, மத்தத வேற கடுதாசில வச்சுக்கோ, பத்து ஓட்டை சேந்ததும் படம் அனுப்புன்னு சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் நாலு ஓட்டை ஆயிருக்கு.